எட்டு போட்டா வண்டி ஓட்டத் தெரியுமா?

இன்னைக்கு விருந்தினர் யாரும் இல்ல, நான் தனியாத்தான் பேசப் போறேன். வேற ஒரு தலைப்புக்குத் தயார் பண்ணி வெச்சிருந்தேன். நேத்து நடந்த ஒரு விஷயத்தால அதை ஓரமா வெச்சுட்டேன். நேத்து என்ன நடந்ததுன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் பழைய கதை இருக்கு.

முதல்ல ஒரு கேள்வி. உங்கள்ல எத்தனை பேர் ஆர்டிஓ ஆபீஸ்ல எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கினீங்க? கால் தரையில படாம, இன்ஸ்பெக்டர் பார்க்கப் பார்க்க ஒரு எட்டு. கார்டு கைக்கு வந்தாச்சு. சரி, அடுத்த நாள் காலையில ஒன்பது மணிக்கு, மழையில, கத்திப்பாரா மேம்பாலத்துல, பின்னாடி மாநகரப் பேருந்து ஹாரன் அடிக்க, வண்டி எடுக்க எத்தனை பேருக்குத் தைரியம் வந்தது? எனக்கு வரல. ஆறு மாசம் அப்பாவைப் பின் சீட்டுல உட்கார வெச்சுத்தான் ஓட்டினேன். அவர் எதுவும் சொல்ல மாட்டார். தப்பா பிரேக் பிடிச்சா முதுகுல விரலால ஒரு தட்டு, அவ்வளவுதான்.

மருத்துவக் கல்வியில இதையே ஒரு பிரமிடா வரைஞ்சு காட்டினவர் ஜார்ஜ் மில்லர்ங்கிற அமெரிக்கர். 1990-ல் எழுதினார். நாலு படி. கீழ் படி: தெரியும். அடுத்தது: எப்படிச் செய்யணும்னு தெரியும். மூணாவது: செஞ்சு காட்ட முடியும். உச்சியில இருக்கிறது: நிஜ வேலையில, நிஜ ஆட்கள் நடுவுல, செய்றாங்க. நம்ம பரீட்சை எல்லாம் கீழ் ரெண்டு படியில நடக்குது. எட்டு போடறது மூணாவது படி. கத்திப்பாரா நாலாவது படி. திறன் அடிப்படையிலான பயிற்சின்னு இப்ப எல்லாரும் பேசறாங்களே, காம்பிடென்சி, காம்பிடென்சின்னு, அது நியாயமாப் பார்த்தா அந்த உச்சிப் படியைப் பத்தின பேச்சு. என்ன படிச்சான்னு கேட்காதே, என்ன செய்றான்னு பாரு. யோசனை புதுசும் இல்ல. 1978-லேயே உலக சுகாதார நிறுவனம் இதைப் பத்தி ஒரு புத்தகம் போட்டிருக்கு.

எனக்கு இது புரிஞ்சது ஒரு நகராட்சியில. ஊர் பேர் வேண்டாம்.

நான் எம்பிபிஎஸ் முடிச்சு, கம்யூனிட்டி மெடிசின்ல எம்டி பண்ணினவ. மெடல் வாங்கினவ. அதையும் சொல்லிடறேன், பின்னாடி தேவைப்படும். அதுக்கப்புறம் ரெண்டு வருஷக் களப்பயிற்சி ஒண்ணுல சேர்ந்தேன். சேர்ந்து மூணாவது மாசம், ஒரு நகராட்சியில ஒரே வார்டுல மஞ்சள் காமாலை அதிகமா வருதுன்னு தகவல். என்னை அனுப்பினாங்க.

அங்க எனக்குத் துணையா வந்தவர் ஒரு சுகாதார ஆய்வாளர். இருபது வருஷத்துக்கு மேல சர்வீஸ். என்னை மேடம்னு கூப்பிடுவார், நான் அவரை சார்னு கூப்பிடுவேன். யார் யாருக்குப் பாடம் எடுத்தாங்கன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. முதல் நாள் என் கையில மூணு பக்கக் கேள்வித்தாள். குழாயடியில நின்ன ஒரு அம்மாகிட்ட, "கடந்த இரண்டு மாதங்களில் தங்கள் குடும்பத்தினர் அருந்திய குடிநீரின் முதன்மை ஆதாரம் எது?"ன்னு வாசிச்சேன். அவங்க என்னை ஏற இறங்கப் பார்த்துட்டுக் குடத்தை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அடுத்த வீட்டுல அவர் பேசினார். "ஏம்மா, தண்ணி எத்தனை மணிக்கு விடறாங்க? முதல்ல வர்றது கலங்கலா வருதா? எத்தனை குடம் கீழ ஊத்துவீங்க?" அந்த அக்கா பத்து நிமிஷம் நிறுத்தாமப் பேசினாங்க. மூணு குடம் கீழ ஊத்திட்டுத்தான் பிடிப்பாங்களாம். சாக்கடை வாடை வருமாம். வார்டு ஆபீஸ்ல ரெண்டு தடவை சொல்லியாச்சாம்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, நகரத்துல இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சிருக்க வேண்டியது. நம்ம ஊர்கள்ல தண்ணி நாள் முழுக்க வராது. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் விடுவாங்க. தண்ணி ஓடும்போது குழாய்க்குள்ள அழுத்தம் இருக்கும், வெளியில இருக்கிறது உள்ள வராது. நிறுத்தினதும் அழுத்தம் போயிடும். குழாய் சாக்கடையை ஒட்டிப் போகுதுன்னு வைங்க, அதுல ஒரு சின்ன விரிசல் இருக்குன்னு வைங்க, சாக்கடைத் தண்ணி உள்ள போயிடும். அதுக்கு மேல நாம என்ன பண்றோம்? லைன்லேயே மோட்டார் போட்டு உறிஞ்சறோம். அது விரிசல் வழியாவும் சேர்த்து உறிஞ்சும். மறுபடி தண்ணி விடும்போது முதல்ல வர்றது அந்தக் கலவைதான். மூணு குடம் கீழ ஊத்தினா கலங்கல் போகும், வாடை போகும். வைரஸ் போயிடுச்சான்னு கண்ணுக்குத் தெரியாது.

மூணாவது நாள் எங்க கையில எல்லாம் இருந்தது. நோயாளிகள் பட்டியல் முப்பது பேரைத் தாண்டியிருந்தது. ஒவ்வொரு வீட்டையும் வரைபடத்துல புள்ளி வெச்சா, ஒரு குறிப்பிட்ட லைன்ல தண்ணி வாங்கற தெருக்கள்லதான் கூட்டமா விழுந்தது. குளோரோஸ்கோப்னு ஒரு சின்னப் பெட்டி. குழாய்த் தண்ணியில ரெண்டு சொட்டு ரசாயனம் விட்டா, குளோரின் இருந்தா மஞ்சளாகும். டேங்க் பக்கத்துக் குழாய்ல மஞ்சள் வந்தது. அந்தத் தெருக்கள்ல பச்சைத் தண்ணி மாதிரியே நின்னது. குழாய் சாக்கடைக்குள்ள போற இடத்தை ஆய்வாளர் குச்சியால குத்திக் காட்டினார். "இங்கதான் மேடம்."

நாலாவது நாள் ஆணையர் அறையில கூட்டம். இன்ஜினியர் இருந்தார், கவுன்சிலர் ஒருத்தர் இருந்தார். நான் இருபத்தி நாலு ஸ்லைடு கொண்டு போயிருந்தேன். தாக்குதல் விகிதம், ஆட்ஸ் ரேஷியோ, 95 சதவீத நம்பக வரம்பு எல்லாம் அழகா இருந்தது. ஆணையர் பொறுமையாக் கேட்டார். நடுவுல இன்ஜினியர், "லைனை மூடினா அந்த ஏரியா முழுக்க ரோட்டுக்கு வந்துடும் சார்"னு சொன்னார். ஆணையர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "டாக்டர், எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அந்த லைனை நான் இன்னைக்கு மூடணுமா, வேண்டாமா? ஆமாவா, இல்லையா?"

நான் சொன்னது இதுதான்: "ரத்த மாதிரி ரிசல்ட் இன்னும் வரல சார். வந்ததும் உறுதியாச் சொல்லலாம்."

அவர் தலையை ஆட்டினார். கூட்டம் முடிஞ்சது. தண்ணி போய்க்கிட்டே இருந்தது. நாலு நாள் கழிச்சு ரிசல்ட் வந்தது, ஹெபடைட்டிஸ் இ. அன்னைக்கே லைனை மூடினாங்க, லாரியில தண்ணி கொடுத்தாங்க, குழாயை மாத்தினாங்க.

ஹெபடைட்டிஸ் இ பெரும்பாலானவங்களுக்குத் தானாச் சரியாயிடும். கர்ப்பிணிகளுக்கு அப்படி இல்ல. கடைசி மூணு மாசத்துல வந்தா 100-ல் 20 முதல் 25 பேர் வரைக்கும் இறக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இன்னொரு குணமும் உண்டு. குடிச்ச உடனே வராது. ரெண்டு வாரத்துல இருந்து பத்து வாரம் வரைக்கும் உள்ளயே இருந்துட்டு அப்புறம்தான் வெளியில தெரியும். அதனால லைனை மூடின பிறகும் ஒரு மாசத்துக்கு மேல புது நோயாளிகள் வந்துக்கிட்டு இருந்தாங்க. அஞ்சாவது வாரம் வந்தவங்கள்ல ஒரு பொண்ணு, எட்டு மாசம். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அவங்க பிழைச்சாங்க. குழந்தை பிழைக்கல.

அந்த நாலு நாள்ல குடிச்ச தண்ணியா, அதுக்கு முன்னாடி குடிச்சதா? தெரியாது. எந்தக் கணக்கும் அதைப் பிரிச்சுச் சொல்லாது. பல வருஷமா நான் பதில் தேடாத நாள் இல்ல.

எம்டி படிக்கும்போது நான் எடுத்த செமினார் ஜான் ஸ்னோ பத்தினது. இந்தத் துறையில கடவுள் வாழ்த்து மாதிரி, ஸ்னோ இல்லாம எந்த வகுப்பும் தொடங்காது. 1854, லண்டன், பிராட் ஸ்ட்ரீட், காலரா. இறந்தவங்க வீட்டையெல்லாம் குறிச்சார், ஒரு அடி பம்ப்பைச் சுத்தி விழுந்தது, பம்ப்போட கைப்பிடியைக் கழட்டினாங்க. கதை எப்பவும் வரைபடத்துல தொடங்கி கைப்பிடியில முடியும். நடுவுல ஒரு ராத்திரி இருக்கு, அதை யாரும் சொல்லித்தர்றதில்ல. செப்டம்பர் 7-ம் தேதி ஸ்னோ அந்தப் பகுதி நிர்வாகக் குழுவைப் போய்ப் பார்த்துப் பேசினார். அவர் சொன்ன கொள்கையை அன்னைக்குப் பெரும்பாலான டாக்டர்களே ஒத்துக்கல. கெட்ட காத்துலதான் காலரா வருதுன்னு நம்பின காலம். அந்தக் கிருமியைக் காட்டற லேப் ரிசல்ட் எதுவும் ஸ்னோகிட்ட இல்ல. அப்படியும் அந்தக் குழு மறுநாள் கைப்பிடியைக் கழட்டச் சொல்லிடுச்சு. அதுக்குள்ள நோய் தணிய ஆரம்பிச்சிருந்ததுன்னு பின்னாடி ஸ்னோவே எழுதினார், அது வேற விஷயம். அந்த அறையில அவர் என்ன பேசினார்? எப்படி உட்கார்ந்தார்? யார் எதிர்த்தாங்க? ஒரு மெடல் வாங்கற அளவுக்கு ஸ்னோவைப் படிச்ச எனக்கு இந்தக் கேள்வியே அதுவரைக்கும் தோணல. என் கைப்பிடி என் முன்னால வந்து நின்னப்ப, இன்னும் தகவல் வேணும்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

பொது சுகாதாரத் தலைவரோட வேலை ஏன் விசேஷமானதுன்னா, அவர் கொடுக்க வேண்டிய மருந்து எதுவும் அவர் கையில இருக்காது. ஆஸ்பத்திரி டாக்டர் சீட்டு எழுதினா நர்ஸ் ஊசி போடுவாங்க. இங்க தண்ணி இன்ஜினியர் கையில, குப்பை வேற ஒருத்தர் கையில, பள்ளிக்கூடம் தலைமை ஆசிரியர் கையில, பணம் கலெக்டர் கையில. இவர்கிட்ட இருக்கிறது ஒரு பட்டியல், ஒரு வரைபடம், அப்புறம் வாய். அந்த வாய்க்கு யாரும் பயிற்சி கொடுக்கறதில்ல.

எங்க வழிகாட்டி கொடுத்தார். கூட்டம் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி போன்ல எல்லாத்தையும் கேட்டுட்டு அவர் திட்டல. "உனக்கு ஆட்ஸ் ரேஷியோ தெரியும்மா. ஒரு வாக்கியம் சொல்லத் தெரியல"ன்னார். திரும்பி வந்ததும் என்னை மறுபடி மறுபடி அதே கூட்டத்துல உட்கார வெச்சார். அவர் ஆணையர், ஆபீஸ் டிரைவர் அண்ணன் கவுன்சிலர். டிரைவர் அண்ணனுக்குப் புரியலன்னா முதல்ல இருந்து. இந்தத் துறையில சோகோன்னு ஒரு பயிற்சி இருக்கு. நீ சொல்ல வந்த ஒரே ஒரு விஷயம் என்ன, அதை ஒரு வாக்கியத்துல எழுதுன்னு கேட்பாங்க. கேட்க லேசா இருக்கும். எனக்கு முதல் வாக்கியம் எழுத ஒரு மதியம் பூராப் போச்சு. "இந்த லைன் தண்ணியாலதான் காமாலை வருதுன்னு நாங்க நம்புறோம், ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம இன்னைக்கே மூடுங்க." இதுல கஷ்டமான சொல் 'நம்புறோம்'. உறுதின்னு சொல்லக் கூடாது, பொய். தெரியலன்னும் சொல்லக் கூடாது, அதுவும் பொய். இந்த நடுவுல நிக்கிறதுக்குத்தான் பழக்கம் வேணும்.

அடுத்த வருஷம் வேற ஊர்ல, வேற நோய்ல, அவர் பின்வரிசையில உட்கார்ந்திருக்க, நான் அதைச் செஞ்சேன். அவர் கையில ஒரு தாள். வெளிய வந்ததும் தாளைக் காட்டினார். கடைசியில ஒரு வரி: "எதிர்க் கேள்வி வந்ததும் ஸ்லைடைப் பார்த்தாள். ஆளைப் பார்க்கணும்." முதுகுல விரலால ஒரு தட்டு.

இந்த மாதிரிப் பயிற்சிக்கு ஒரு பரம்பரை இருக்கு. கொரியப் போர் நேரம், எதிரி கிருமியை ஆயுதமா அனுப்பிடுவானோன்னு அமெரிக்காவுக்குப் பயம். அந்தப் பயத்தை அலெக்சாண்டர் லாங்மியர்ங்கிறவர் நல்லாப் பயன்படுத்திக்கிட்டு 1951-ல் ஒரு படையை ஆரம்பிச்சார், நோய்த் துப்பறியும் படைன்னு வெச்சுக்கோங்க. இளம் டாக்டர்கள், ரெண்டு வருஷம், பாடம் கொஞ்ச நாள், மிச்சமெல்லாம் ஊர் ஊரா அலைச்சல். அவங்க சின்னம் என்ன தெரியுமா? அடியில ஓட்டை விழுந்த ஷூ. செருப்புத் தேய அலையறதுன்னு நம்ம ஊர்ல அலுத்துக்கிட்டுச் சொல்ற வார்த்தை அங்க ஒரு பட்டம். 1980-ல் தாய்லாந்து அதே மாதிரி ஒண்ணு தொடங்கினது. சென்னையில தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்துல 2001-ல் தொடங்கினாங்க. இங்கெல்லாம் பாஸ் பண்றதுக்கு என்ன வேணும்னா, ஒரு நோய்ப் பரவலை நேர்ல போய் விசாரிச்சிருக்கணும், ஒரு கண்காணிப்பு முறை ஒழுங்கா நடக்குதான்னு மதிப்பிட்டிருக்கணும், ஒரு ஆய்வு செஞ்சு அதை அறிஞ்சவங்க முன்னால நின்னு சொல்லியிருக்கணும். செஞ்ச வேலைதான் பரீட்சைத் தாள்.

இதனால என்ன லாபம்னு கேட்டா நான் எப்பவும் நைஜீரியாவைச் சொல்வேன். 2014, ஜூலை 20. லைபீரியால இருந்து வந்த ஒரு பயணி லாகோஸ் விமான நிலையத்துல சுருண்டு விழுந்தார். அரசு டாக்டர்கள் ஸ்டிரைக்ல இருந்ததால தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. அங்க அமேயோ ஸ்டெல்லா அடடேவோங்கிற மூத்த டாக்டர் இது எபோலாவா இருக்கலாம்னு சந்தேகப்பட்டு, அவரை வெளிய விடச் சொல்லி வந்த நெருக்கடிகளையும் மீறி, விட மாட்டேன்னுட்டார். அவருக்கும் நோய் தொத்தி ஆகஸ்ட்ல இறந்துட்டார். ரெண்டு கோடி அளவுக்கு ஜனம் இருக்கிற நகரம் லாகோஸ். எபோலா அங்க பரவினா என்ன ஆகும்னு உலகமே மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பார்த்தது.

மொத்தம் 20 பேருக்கு வந்தது, 8 பேர் இறந்தாங்க. அக்டோபர் 20-ம் தேதி நைஜீரியா எபோலா இல்லாத நாடுன்னு அறிவிச்சாங்க. மூணே மாசம். நோயாளிகளோட தொடர்புல இருந்த 894 பேரைத் தேடிக் கண்டுபிடிச்சு, ஒவ்வொருத்தரையும் 21 நாள் போய்ப் பார்த்தாங்க. மொத்தம் சுமார் 18,500 நேரடிச் சந்திப்புகள். ஒரே ஒரு ஆள் கையைவிட்டு நழுவி போர்ட் ஹார்கோர்ட் நகரத்துக்குப் போயிட்டார். அங்க அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் இறந்து, ஒரு புது வட்டமே உருவாச்சு. ஒரு கதவைத் தட்டாம விட்டா என்ன விலைன்னு அதுலயே தெரியும்.

இவ்வளவு வேகமா ஆளும் முறையும் எங்கிருந்து வந்தது? போலியோல இருந்து. போலியோவை ஒழிக்கறதுக்காக 2012-லேயே ஒரு அவசரக் கட்டுப்பாட்டு மையம் வெச்சிருந்தாங்க. அதோட துணைத் தலைவரைத் தூக்கி எபோலாவுக்குப் பொறுப்பாளரா வெச்சாங்க. 2008-ல் இருந்து அங்க களப்பயிற்சித் திட்டம் நடந்துக்கிட்டிருந்தது. அதுல பயிற்சி எடுத்தவங்களைத் தெருவுல இறக்கினாங்க. எபோலா அவங்களுக்குப் புதுசு. பயந்து போன குடும்பத்தோட கதவைத் தட்டிப் பேசறது புதுசில்ல. இன்னைக்கு எத்தனை வீடு விட்டுப்போச்சு, ஏன்னு சாயங்காலக் கூட்டத்துல மழுப்பாமச் சொல்றதும் புதுசில்ல.

இப்ப கசப்பான பகுதி. திறன்ங்கிற சொல் இப்ப நல்ல ஃபேஷன். இந்தியால எம்பிபிஎஸ் பாடத்திட்டமே 2019-ல் இருந்து திறன் அடிப்படையிலானது. 2020-ல் ஐரோப்பாவுக்காக உலக சுகாதார நிறுவனம் பொது சுகாதாரப் பணியாளர்களுக்கு ஒரு திறன் வரைவு கொண்டு வந்தது. தலைமை, பேச்சு, மத்தவங்களோட சேர்ந்து வேலை செய்றது எல்லாம் அதுல இருக்கு. வரவேற்கிறேன். ஆனா பட்டியல் நீள நீள என்ன நடக்குதுன்னா, ஒவ்வொரு திறனுக்கும் லாக்புக்ல ஒரு கட்டம், கட்டத்துக்குப் பக்கத்துல ஒரு கையெழுத்து. "திறம்படத் தொடர்பு கொள்கிறார்." இதை எப்படிப் பார்த்து டிக் அடிப்பீங்க? யாரும் பார்க்கறதில்ல, கோர்ஸ் முடியற வாரம் மொத்தமா உட்கார்ந்து போடறாங்க. எட்டே போடாம லைசென்ஸ் வாங்கிக் கொடுக்கற ஏஜென்ட் வேலைதான் அது.

யாரையோ சொல்ற மாதிரி இருக்கு இல்ல? நானும் போட்டிருக்கேன். இப்ப நான் பயிற்சி கொடுக்கற பக்கம் இருக்கேன். ஒரு பேட்ச் முடியற நேரம், ஒரு பையனோட லாக்புக். "பல துறைக் கூட்டத்தில் முடிவெடுக்க வைத்தல்." அவனுக்கு அந்த வாய்ப்பே அமையல. அமைச்சுக் கொடுத்திருக்க வேண்டியது நான், எனக்கு நேரம் இல்ல. கையெழுத்து இல்லன்னா அவன் போஸ்டிங் தள்ளிப் போயிடும், வீட்டுல கடன் இருக்குன்னு வேற தெரியும். போட்டுட்டேன். அவன் இப்ப ஒரு மாவட்டத்துல இருக்கான். நல்லாத்தான் வேலை பார்க்கறான்னு சொல்றாங்க. ஆனா அந்த மாவட்டத்துல காய்ச்சல்னு செய்தி வரும்போதெல்லாம் எனக்கு வயித்தைப் பிசையும்.

அதுக்கப்புறம் ரெண்டு விஷயம் மாத்தினேன். ஒண்ணு, கட்டத்துல எழுதற வாக்கியத்தை. இப்ப எங்க தாள்ல இப்படி இருக்கும்: "முடிவெடுக்கும் அதிகாரியின் முன்னால், மூன்று நிமிடத்துக்குள், என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் சொன்னார், எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துச் சொன்னார், மறுப்பு வந்தபோது பின்வாங்கவில்லை, அல்லது பின்வாங்கியதற்குக் காரணம் சொன்னார்." இதை நேர்ல பார்க்காம யாரும் நிரப்ப முடியாது. நாங்களே எங்க கையைக் கட்டிப் போட்ட மாதிரி. ரெண்டாவது, சுகாதார ஆய்வாளர்களையும் அதே வகுப்புல உட்கார வைக்கிறோம். தலைவர்கள் பயிற்சின்னா டாக்டர்களுக்குத்தான்னு ஒரு எண்ணம் இருக்கு. அன்னைக்கு அந்த நகராட்சியில தலைவர் யாருன்னு நினைக்கறீங்க? குச்சியால குத்திக் காட்டினவர் ஆணையர் அறைக்கு வெளியில நின்னுக்கிட்டிருந்தார். உள்ள கூப்பிடணும்னு எனக்குத் தோணல. அவரைக் கேட்டிருந்தா ஒரு வினாடியில "மூடுங்க சார்"னு சொல்லியிருப்பார்.

இது செலவு பிடிக்கற வேலை, மறைக்கல. ஒரு ஹால்ல இருநூறு பேருக்குப் பாடம் எடுக்கலாம். பின்வரிசையில உட்கார்ந்து பார்க்கறதுன்னா ஒரு ஆளால நாலஞ்சு பேரைத்தான் பார்த்துக்க முடியும். தமிழ்நாட்டுல பொது சுகாதாரத்துக்குத் தனி இயக்குநரகமும், அதுக்குன்னே தனிப் பணியாளர்களும் ரொம்ப காலமா இருக்காங்க, அதனால நாம கொஞ்சம் கொடுத்து வெச்சவங்க. மத்த மாநிலங்களும் இப்படி அமைக்கணும்னு 2017 தேசிய சுகாதாரக் கொள்கையே சொல்லுது. இருக்கையில ஆள் போடறதுக்குப் பணம் வந்துடும். அந்த ஆள் பின்னாடி ரெண்டு வருஷம் இன்னொரு ஆள் உட்காரணும்னு கேட்டா, நிதித் துறையில சிரிப்பாங்க.

சரி, நேத்து.

எங்க பயிற்சியாளர் ஒரு பொண்ணு, இருபத்தெட்டு வயசு. நகரத்துல ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல ஒரே வாரத்துல நிறைய பேருக்கு வயித்துப்போக்கு. நாலு நாளா அலைஞ்சா. ஹாஸ்டலோட சம்ப்பும் செப்டிக் டேங்கும் பக்கத்துப் பக்கத்துல. சம்ப் தண்ணி குடிச்சவங்களுக்குத்தான் வந்திருக்கு, கேன் தண்ணி குடிச்சவங்களுக்கு அநேகமா இல்ல. முந்தாநாள் ராத்திரி போன் பண்ணி, "மேடம், நாளைக்கு மண்டல அதிகாரியைப் பார்க்கணும், ஸ்லைடு அனுப்பவா?"ன்னா. ஸ்லைடு வேண்டாம், வாக்கியத்தைச் சொல்லுன்னேன். மூணு தடவை மாத்தினா.

நேத்து நான் பின்வரிசையில உட்கார்ந்திருந்தேன். ஹாஸ்டல்காரர் ஆளோட வந்திருந்தார். இவ எழுந்து நின்னு, "சார், இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அந்த சம்ப்பை மூடி, மாத்துத் தண்ணி கொடுக்க உத்தரவு போடணும். லேப் ரிசல்ட் வரல, ஆனா எங்ககிட்ட இருக்கிற கணக்கு சம்ப்பைத்தான் காட்டுது"ன்னா. அதிகாரி கேட்டார்: "ரிசல்ட் வேற மாதிரி வந்தா? இவர் கோர்ட்டுக்குப் போவார்." கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்தான். இவ அவரைப் பார்த்து, "அப்ப நான் சொன்னது தப்புன்னு எழுதித் தர்றேன் சார். அதுவரைக்கும் அந்தத் தண்ணியை அவங்க குடிக்க வேண்டாம்"ன்னா.

அவர் போனை எடுத்தார்.

நான் தாள்ல "ஒரே வாக்கியத்தில்"ங்கிற இடத்தை அடிச்சுட்டு "ரெண்டு"ன்னு எழுதினேன். ஆட்டோவுல வரும்போது அவ கை நடுங்கிக்கிட்டே இருந்தது. தண்ணி பாட்டிலைக் கொடுத்தேன், கேன் தண்ணிதான். பாதி குடிச்சுட்டு, "மேடம், ரிசல்ட் நிஜமாவே வேற மாதிரி வந்துட்டா?"ன்னு கேட்டா.

"எழுதித் தரணும்"னேன்.

இதை நான் ரெக்கார்ட் பண்ற இந்த நிமிஷம் வரைக்கும் ரிசல்ட் வரல.